சூரியன் வராத நாளிலும் பள்ளி உண்டு

காலை மணி ஆறேகால். பள்ளிப் பேருந்துக்காகக் காத்து நிற்கிறீர்கள். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. வானத்தில் வெளிச்சமே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பையைத் தோளில் மாட்டியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் விடிந்துவிடும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சூரியன் ஒருநாளும் ஏமாற்றுவதில்லை.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். ஏழு மணி ஆகிறது, விடியவில்லை. எட்டு மணிக்கு வகுப்பு தொடங்குகிறது, சன்னலுக்கு வெளியே இருட்டு. நண்பகலில் வானம் சற்று வெளுக்கிறது, ஆனால் சூரியன் தலைகாட்டவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மீண்டும் இரவு. நாளையும் இப்படித்தான், மறுநாளும் இப்படித்தான். ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு இதே கதை.

இது கற்பனை அல்ல. வட நார்வேயில் உள்ள டிரோம்சோ நகரத்து மாணவர்கள் ஆண்டுதோறும் இப்படித்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், அவர்களுடைய உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம். அவர்களுடைய கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சூரியன் ஏன் வருவதில்லை?

டிரோம்சோ வட அட்சரேகை 69.6 பாகையில் இருக்கிறது. வட ஆர்க்டிக் வட்டம் 66.5 பாகையில் ஓடுகிறது. அதாவது நகரம் அந்த வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. 75,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் அது. பல்கலைக்கழகம், விமான நிலையம், பேரங்காடி எல்லாம் உண்டு.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஓர் எண்ணை வைத்தே டிரோம்சோவின் இருட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள், சூரியன் தென் அட்சரேகை 23.4 பாகையில் உள்ள இடங்களுக்கு நேர் மேலே நிற்கும். அங்கிருந்து டிரோம்சோ எத்தனை பாகை தூரம்? 23.4 உடன் 69.6ஐக் கூட்டுங்கள். விடை 93. ஓரிடத்தில் சூரியன் தெரிய வேண்டுமானால் இந்தத் தூரம் 90 பாகையைத் தாண்டக் கூடாது. இங்கே 3 பாகை தாண்டிவிட்டது. ஆகவே நண்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்கு 3 பாகை கீழேயே நிற்கிறது.

இதே கணக்கைக் கோலாலம்பூருக்குப் போடுங்கள். நம் அட்சரேகை 3.1 பாகை. கூட்டினால் 26.5. ஆகவே அதே நாளில் நம் சூரியன் நண்பகலில் அடிவானத்திலிருந்து 63.5 பாகை உயரத்தில் இருக்கும். அதனால்தான் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு கோலாலம்பூரில் சுமார் 20 நிமிடம்தான். சிங்கப்பூரில் பத்து நிமிடம்கூட இல்லை.

டிரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் சூரியன் மறைகிறது. ஜனவரி 15 வாக்கில் மீண்டும் அடிவானத்தைத் தொடுகிறது. ஆனால் நகரைச் சுற்றி மலைகள். ஆகவே ஊர் மக்கள் சூரியனைக் கண்ணால் காண ஜனவரி 21 வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காலத்துக்கு நார்வே மொழியில் இருட்டுக் காலம் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான சாமி மக்கள் இதை ஸ்காப்மா என்கிறார்கள்.

மை போன்ற இருட்டா?

துருவ இரவு என்றதும் நாள் முழுவதும் நள்ளிரவு போல இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதும் அதன் ஒளி மேல் வளிமண்டலத்தில் பட்டுச் சிதறி நம்மை வந்தடையும். நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம் நீடிக்கும் அந்தி வெளிச்சம் இதுதான். நமக்கு அது 20 நிமிடத்தில் முடிந்துவிடும். சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்குவதே காரணம். டிரோம்சோவில் அது அடிவானத்தை ஒட்டியபடி சாய்வாக நகர்வதால் அந்தி வெளிச்சம் சில மணி நேரம் நீடிக்கிறது.

அந்த நேரத்தில் வானமும் பனியும் நீல நிறமாகத் தெரியும். தெற்குப் பக்கம் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்திருக்கும். மேகம் இல்லாத இரவுகளில் துருவ ஒளி பச்சை நிறத்தில் அசையும். பனி படர்ந்த தரை, இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்புவதால் ஊர் நாம் நினைப்பதைவிடப் பிரகாசமாக இருக்கும்.

இன்னொரு வியப்பும் உண்டு. இவ்வளவு வடக்கே இருந்தும் டிரோம்சோவின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 4 பாகை செல்சியஸ்தான். அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வே கரையை ஒட்டி வடக்கே பாய்வதே காரணம். டிரோம்சோவுக்குத் தெற்கே, 64.8 பாகையில் இருக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜனவரி சராசரி மைனஸ் 20க்கும் கீழே போகிறது. அட்சரேகை மட்டும் ஓர் ஊரின் குளிரைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இருட்டில் ஒரு பள்ளி நாள்

நார்வேயில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகள் இளையர் பள்ளி எனப்படுகின்றன. 13 முதல் 16 வயது வரையிலான மாணவர்கள் அதில் படிக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் படிவம் ஒன்று முதல் மூன்று வரை என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளில் அங்கே மதிப்பெண் கிடையாது. எட்டாம் வகுப்பில்தான் முதன்முறையாக 1 முதல் 6 வரையிலான மதிப்பெண் தரப்படுகிறது. அதன் முதல் அரையாண்டு மதிப்பீடு வருவது குளிர்காலத்தின் நடுப்பகுதியில். உடல் மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் அவர்களுக்கு முதல் மதிப்பெண் கைக்கு வருகிறது.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் மாணவரின் பையிலும் மேலங்கியிலும் ஒரு சிறிய பட்டையோ வில்லையோ தொங்கும். அது அழகுக்காக அல்ல. கார் விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒளிர்பட்டை அது.

சாதாரண விளக்கு வெளிச்சத்தில் வரும் கார் ஓட்டுநருக்கு, கருநிற உடையில் நடந்து வரும் ஒருவர் சுமார் 25 முதல் 30 மீட்டர் தூரத்தில்தான் தெரிவார். ஒளிர்பட்டை அணிந்தவர் சுமார் 140 மீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடுவார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. 25 மீட்டர் என்றால் இரண்டு வினாடிகூட இல்லை. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு வினாடி போய்விடும். 140 மீட்டர் என்றால் பத்து வினாடி கிடைக்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்ற அது போதும்.

அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது? கண்ணாடியில் ஒளியை அடித்தால், படும் கோணத்தைப் பொறுத்து அது வேறு திசையில் போய்விடும். வெள்ளைச் சட்டை ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். ஒளிர்பட்டையில் மிகச் சிறிய கண்ணாடி மணிகளோ பட்டக மூலைகளோ நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து, பின்சுவரில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். கார் விளக்குக்குச் சற்று மேலே ஓட்டுநரின் கண் இருப்பதால், திரும்பிய ஒளியில் பெரும்பகுதி அவருக்கே கிடைக்கிறது. நம் நெடுஞ்சாலைப் பலகைகள் இரவில் பளிச்சென்று தெரிவதும் இதே முறையில்தான்.

இருட்டு, பனி என்பதற்காக மாணவர்களை வகுப்புக்குள்ளேயே அடைத்து வைப்பதில்லை. ஓய்வு நேரத்தில் தொடக்க வகுப்பு மாணவர்கள் பொதுவாக வெளியே போய் விளையாட வேண்டும். மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, பொருந்தாத உடைதான் உண்டு என்பது நார்வேயில் எல்லாரும் சொல்லும் சொலவடை. விளக்கு போட்ட பாதைகளில் பனிச்சறுக்கு விளையாட்டும் நடக்கும்.

உடை விஷயத்தில் அவர்கள் பின்பற்றுவது எளிய இயற்பியல். ஒரே தடித்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. அடுக்குகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. உடலை ஒட்டிய அடுக்குக்குக் கம்பளி இழை. பருத்தி வேண்டாம் என்பார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகிவிடும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நமக்கு இங்கே குளிர்ச்சி தருகிற அதே பருத்திச் சட்டை, அங்கே ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத கடிகாரம்

இருட்டில் நடப்பதற்கும் குளிரைத் தாங்குவதற்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. உண்மையான சிக்கல் உடலுக்குள் இருக்கிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறிய பகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் வெப்பம் குறைய வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதை அது ஒழுங்குபடுத்துகிறது. அணுக்களுக்குள் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தில் ஒரு சிறு குறை உண்டு. அது சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலோருக்கு 24 மணியைவிடச் சற்றுக் கூடுதல், சராசரியாக 24.2 மணி நேரம். அதாவது ஒரு நாளைக்கு 12 நிமிடம் பின்தங்குகிறது. யாரும் திருத்தாவிட்டால் பத்து நாளில் இரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விடும்.

அதைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். நம் கண்ணின் விழித்திரையில் பார்வைக்கான அணுக்களோடு வேறு ஒரு வகை அணுக்களும் இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. அவை உருவங்களைப் பார்ப்பதற்காக அல்ல, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து மூளைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்காக. நீல ஒளிக்கு அவை அதிகம் கிளர்ச்சி அடைகின்றன. காலையில் அந்தச் செய்தி போனால் கடிகாரம் முன்னே நகரும். இரவில் போனால் பின்னே தள்ளிப் போகும். இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். வகுப்பறை விளக்கு 300 முதல் 500 லக்ஸ். மேகமூட்டமான பகலில் வெளியே 10,000 லக்ஸ் வரை இருக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சம். நம் கண்ணுக்கு வகுப்பறை நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. உடல் கடிகாரத்துக்கோ அது மங்கல்தான். டிரோம்சோவின் டிசம்பர் நண்பகல் வெளிச்சம் வகுப்பறை விளக்கையும்விடக் குறைவு. கடிகாரத்தைத் திருத்தும் கை அங்கே ஏழு வாரம் விடுமுறையில் போய்விடுகிறது.

பதின்ம வயதினருக்கு இதில் இன்னொரு சங்கடம். பருவ வயதில் மெலட்டோனின் சுரக்கும் நேரம் தானாகவே பின்னுக்குப் போகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இரவு ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்ட நீங்கள், இப்போது பதினொரு மணி வரை விழித்திருப்பது வெறும் பிடிவாதம் அல்ல, உடலின் மாற்றமும் அதற்குக் காரணம். ஆனால் தூக்கத்தின் தேவை குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

நார்வேயும் கானாவும்

டிரோம்சோ இளையர்களையும், பூமத்திய ரேகைக்கு அருகே 5 பாகையில் உள்ள ஆப்பிரிக்க நாடான கானாவின் இளையர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில், நார்வேயில் குளிர்காலத்தில் தூங்கப் போகும் நேரமும் எழும் நேரமும் தள்ளிப் போனது தெரிந்தது. தூக்கமின்மையும் களைப்பும் கூடின. கானாவில் பருவத்துக்குப் பருவம் அப்படிப்பட்ட மாற்றம் காணப்படவில்லை. பகல் நீளம் மாறாத நாட்டில் கடிகாரமும் அதிகம் அலைக்கழிவதில்லை.

கானாவின் இடத்தில் மலேசியாவையோ சிங்கப்பூரையோ வைத்தாலும் பகல் நீளம் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் நாம் நன்றாகத் தூங்க வேண்டும் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

வறண்ட காற்றும் மீன் எண்ணெயும்

குளிர்கால வகுப்பறையில் உதடு வெடிக்கும், தோல் அரிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று மின்பொறி தட்டும். வெளியே இவ்வளவு பனி இருந்தும் உள்ளே ஏன் வறட்சி?

குளிர்ந்த காற்று நீராவியை அதிகம் வைத்திருக்காது. மைனஸ் 4 பாகையில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகம் போனால் சுமார் மூன்றரை கிராம் நீராவிதான் இருக்க முடியும். அந்தக் காற்றை உள்ளே கொண்டுவந்து 20 பாகைக்குச் சூடாக்கினால், அது 17 கிராம் வரை வைத்திருக்கக்கூடிய காற்றாக மாறிவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது அதே மூன்றரை கிராம். ஆகவே ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைந்துவிடும். நம் ஊரில் சாதாரணமாக 80 விழுக்காட்டை எட்டுகிறது.

2007இல் கினிப் பன்றிகளை வைத்து நடந்த ஒரு சோதனையில், 20 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் குறைவாக இருந்தபோது ஃப்ளூ கிருமி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகப் பரவியது. ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தபோது காற்றின் வழியே பரவவில்லை. குளிர் நாடுகளில் ஃப்ளூ காய்ச்சல் குளிர்காலத்தில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். வெப்ப நாடுகளில் அது ஆண்டு முழுவதும் பரவிக்கொண்டிருப்பதால், நாம் தப்பித்தோம் என்று எண்ணிவிட முடியாது.

அடுத்தது வைட்டமின் டி. சூரியனின் புற ஊதா ஒளி தோலில் படும்போது உடல் இதைத் தயாரிக்கிறது. எலும்பு வளரும் வயதில் இது மிக முக்கியம். டிரோம்சோவில் ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை தோலால் இதைத் தயாரிக்க முடியாது. சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்தாலும் தாழ்வாக இருப்பதால், அதன் புற ஊதாக் கதிர்களை வளிமண்டலமே விழுங்கிவிடும். அதற்கு நார்வே மக்கள் கண்ட வழி காட் மீனின் ஈரல் எண்ணெய். பெயரில் ஆர் எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, தினம் ஒரு கரண்டி குடிக்க வேண்டும் என்பது அங்கே பாட்டிமார் வழக்கம். வைட்டமின் டி என்ற பெயரே இல்லாத காலத்திலிருந்து அந்த எண்ணெய் பயன்பாட்டில் இருந்தது.

அந்தக் குளிர்காலம் தமிழர்களுக்கும் புதிதல்ல. 1980களிலும் 1990களிலும் இலங்கையிலிருந்து நார்வே சென்ற தமிழர்களில் பலர், டிரோம்சோவுக்கும் வடக்கே ஃபின்மார்க் வட்டார மீன்பிடி ஊர்களில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த இருட்டில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

மனமும் ஒரு விளக்கு

இத்தனை இருந்தும் டிரோம்சோ மக்கள் குளிர்காலத்தில் எல்லாரும் சோர்ந்து கிடப்பதில்லை. இதைக் கேள்விப்பட்டு, கேரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் அங்கே போய்த் தங்கினார். டிரோம்சோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யோவார் விட்டெர்சோவுடன் சேர்ந்து, குளிர்காலத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வடக்கே போகப் போக, குளிர்காலத்தை ரசிக்கத்தக்க பருவமாகக் கருதும் மனப்பான்மை கூடுவதை அவர்கள் கண்டார்கள். அப்படிக் கருதியவர்கள் வாழ்க்கையில் கூடுதல் மனநிறைவும் கொண்டிருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல மனப்பான்மை மனநிறைவைத் தந்ததா, அல்லது மனநிறைவு உள்ளவர்களுக்கு அந்த மனப்பான்மை வந்ததா என்பதை இத்தகைய கருத்தாய்வு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மேலும், குளிர்காலத்தில் சிலருக்கு உண்மையான மனச்சோர்வு நோய் வருகிறது. அதை 1984இல் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது அதற்கு ஒரு சிகிச்சை. மனத்தை மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய நோய் அல்ல அது.

ஆனாலும் பள்ளிகள் அந்த இருட்டுக்கு ஒரு முகம் கொடுத்திருக்கின்றன. டிசம்பர் 13 லூசியா நாளில் பிள்ளைகள் வெள்ளை உடை அணிந்து விளக்கேந்தி வரிசையாக நடப்பார்கள். சூரியன் திரும்பும் ஜனவரி 21 வாக்கில் டிரோம்சோவில் சூரிய நாள். ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை ரொட்டியைச் சூரிய ரொட்டி என்று சொல்லி எல்லாரும் சாப்பிடுவார்கள். இன்னும் வடக்கே, 78 பாகையில் உள்ள லாங்யியர்பியன் ஊரில் சூரியன் மார்ச் 8ஆம் நாள்தான் திரும்பும். பழைய மருத்துவமனை ஒன்றின் எஞ்சிய படிக்கட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி நின்று, முதல் கதிர் அந்தப் படியில் விழுவதற்காகக் காத்திருப்பார்கள்.

நம் காலை யாருடைய காலை?

இப்போது விட்ட கேள்விக்கு வருவோம். ஆண்டு முழுவதும் 12 மணி நேரப் பகல் கிடைக்கும் நாம் ஏன் வகுப்பில் கொட்டாவி விடுகிறோம்?

ஒரு காரணம் நம் கடிகாரம். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது பெரிய வசதி. ஆனால் சூரியன் கடிகாரத்தைப் பார்த்து உதிப்பதில்லை. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். பிப்ரவரி மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஏழரை மணிக்கு. பல பள்ளிகளில் அதற்குள் மணி அடித்துவிடும்.

ஆக, ஐந்தரை மணிக்கு எழும் நம் மாணவர் சூரியன் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, பல நாள்களில் இரண்டு மணி நேரம் முன்பே, விழித்துவிடுகிறார். விடியும் நேரத்தில் அவர் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். பிற்பகலில் டியூஷன், புறப்பாட நடவடிக்கை. இரவு பதினொன்றரை வரை வீட்டுப்பாடமும் கைப்பேசியும். கூட்டிப் பார்த்தால் தூக்கம் ஆறு மணி நேரம். டிரோம்சோ மாணவரின் இருட்டை இயற்கை கொடுத்தது. நம் இருட்டை நாமே நேரம் குறித்து அமைத்துக்கொண்டோம்.

இதை மாற்ற முடியுமா? சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடங்கும் நேரத்தை ஏழரையிலிருந்து எட்டேகாலுக்கு மாற்றியது. ஆய்வாளர்கள் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு மாதத்தில் படுக்கையில் இருக்கும் நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்தும் 10 நிமிடக் கூடுதல் நிலைத்தது. பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் உயர்நிலைப் பள்ளிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. நேரத்தைத் தள்ளினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத் தூங்கப் போவார்கள் என்ற அச்சத்துக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் பதில் சொல்கின்றன.

பள்ளி நேரத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்குள்ளேயே இருந்துவிடாமல் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். மர நிழலில் நின்றாலும் வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். டிரோம்சோ பிள்ளைகள் ஏங்கும் பொருள் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நம் நாட்டு இளையர்களிடமும் வைட்டமின் டி குறைபாடு இருப்பதை மலேசிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெயில் இல்லாததால் அல்ல, வெயிலை விட்டு ஒதுங்கியே இருப்பதால்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சிறிய விளக்கைப் போடுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். அதன் ஒளி சூரிய ஒளியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். ஆனால் இரவில் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்க்கிறோம். அதைவிட, அதில் ஓடும் உரையாடலும் காணொளியும் நம்மை விழிக்கவைக்கின்றன.

விடிவதற்கு முன் சாலையோரம் நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் பையில் ஓர் ஒளிர்பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கருநீலச் சீருடையோடு இருட்டில் நிற்கும் உங்களை ஓட்டுநர் பத்து வினாடி முன்னதாகப் பார்க்கட்டும்.

இரண்டு வாரம் நீங்களே ஆய்வாளர்

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கூரைக்கு வெளியே இருந்த நிமிடங்கள், காலை பத்து மணிக்கு இருந்த தூக்கக் கலக்கத்துக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாவது வாரம் தினமும் 20 நிமிடம் கூடுதலாக வெளியே இருங்கள், அரை மணி முன்னதாகப் படுங்கள். வார இறுதியிலும் எழும் நேரத்தை அதிகம் மாற்றாதீர்கள். பிறகு இரண்டு வாரச் சராசரியையும் ஒப்பிடுங்கள். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் முடிவு இன்னும் நம்பத்தக்கதாக இருக்கும். இரண்டு பழக்கங்களை ஒரே வாரத்தில் மாற்றியதால், எந்த மாற்றம் உதவியது என்று எப்படிப் பிரித்தறிவது? அதற்கு மூன்றாவது வாரத்தை எப்படி அமைக்கலாம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி 21 வாக்கில் டிரோம்சோ மலைகளுக்கு மேல் சூரியன் சில நிமிடம் மட்டும் எட்டிப் பார்க்கும். அதற்காக அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். அன்று ஓய்வு மணி அடித்ததும் நீங்களும் ஒரு முறை வெளியே வந்து நில்லுங்கள். அதே சூரியன்தான்.